அடிபட்ட இடத்தைத் தடவாதவர்

அவர் அடிபட்ட இடத்தைத் தடவி நான் பார்த்ததில்லை. பேஸ்பால் ஆடுகிறவர்களிடம் இப்படி ஒரு வழக்கம் உண்டு. பந்து மேலே பட்டால் அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது. பந்து வேறு யார் மேலோ பட்டது போல நிற்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இது இல்லை. யாங்கோனில் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் அநேகமாக நான் ஒருவன்தான், அதனால் உறுதியாகச் சொல்கிறேன். மற்ற ஆட்டக்காரர்கள் இந்த வழக்கத்தை மைதானத்தோடு விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். வீட்டில் கால் கட்டைவிரல் இடித்தால் எல்லோரையும் போல ஊரைக் கூட்டினார்கள். இவர் மட்டும் அதை வீட்டுக்கும் கொண்டு போனார்.

"தடவினா எறிஞ்சவனுக்கு எடம் தெரிஞ்சுபோகும், சயா" என்பார்.

சயா என்றால் எங்கள் ஊரில் வாத்தியார், டாக்டர், அப்புறம் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எவனும். நான் மூன்றாவது வகை. தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கும், யார் இருமினால் எழுந்திருக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சென்ற மழைக்காலத்தில் அவருடைய ஒரே மகன் வீட்டில் இருப்பதா பட்டாளத்துக்குப் போவதா என்ற கேள்வி வந்தபோது, எனக்குத் தெரிந்த நடைமுறைகள் அத்தனையையும் கடைசி வரை ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நின்றன. அவர் மூன்று பேர் முன்னால் ஒரே ஒரு முறை வலிக்கிறது என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

அவரை ஜாம்பவான் என்று சொன்னால் சிரிக்கத் தோன்றும். இந்த நாட்டில் பேஸ்பால் தெரிந்தவர்கள் எல்லோரையும் ஒரே பஸ்ஸில் ஏற்றிவிடலாம். ஆனால் அந்த பஸ்ஸில் அவர் ஏறினால் அத்தனை பேரும் எழுந்து இடம் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து ஜாம்பவானுக்கு வேறு விளக்கம் கிடையாது.

நான் அவரை முதலில் பார்த்தது யாங்கோனின் லான்மடாப் பேட்டையில், ஒரு பழக்கடை வாசலில். லாரியின் மேல் ஒருவன் நின்று தர்பூசணிகளைக் கீழே வீசிக்கொண்டிருந்தான். இவர் கீழே நின்று பிடித்து, திரும்பி, உள்ளே இருந்தவனுக்கு வீசிக்கொண்டிருந்தார். துறைமுகக் கூலியின் மகன். ஒல்லியான உடம்பு, பெரிய உள்ளங்கைகள். லாரிக்காரன் விளையாட்டுக்கோ வினையாகவோ ஒரு பழத்தை மார்பைப் பார்த்து எறிந்தான். சத்தம் எனக்குக் கேட்டது. இவர் பழத்தைக் கீழே விடவில்லை. "யபாதே, அடுத்தத போடு" என்றார். யபாதே என்றால் பர்மிய மொழியில் பரவாயில்லை. பிற்காலத்தில் இந்த ஒரு சொல்லை அவரிடமிருந்து பிடுங்க நான் பட்ட பாடு வேறு கதை அல்ல, இதே கதைதான்.

அந்த வருஷம்தான் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சிலர் மட்டையும் கையுறையும் கொண்டுவந்து இங்கே ஓர் அணியை உண்டாக்கப் பார்த்தார்கள். மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் எனக்கு இருந்ததால் விதிப்புத்தகம் என் மேசைக்கு வந்தது. புத்தகத்தைப் படித்த குற்றத்துக்காக என்னையே அம்பயராக்கினார்கள். பழக்கடையில் பார்த்த ஆளை நான் அழைத்துப் போனேன். "பந்து சின்னது, கனம் கம்மி, ஆனா வேகமா வரும்" என்றேன். "கொட்டை இருக்குமா சயா?" என்று கேட்டார். அன்றைக்கே அவரை கேட்சராக உட்கார வைத்துவிட்டார்கள்.

கேட்சர் என்றால் கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மட்டைக்காரனுக்கு ஒட்டினாற்போலக் குந்தியே இருக்க வேண்டும். பந்து எறிகிறவன் பிட்சர். அவன் எறிவதெல்லாம் கேட்சரின் முகத்துக்குத்தான் வரும். கேட்சருக்குப் பின்னால், அவர் தலைக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு அம்பயர் நிற்பான். அப்படி நான் அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டு பல வருஷங்கள் நின்றேன். அவர் முகத்தைவிட அந்தப் பிடரி எனக்கு நன்றாகத் தெரியும்.

மட்டையின் ஓரத்தில் உரசிய பந்து திசை மாறி கேட்சரின் தோளிலோ தொடையிலோ தொண்டையிலோ விழும். அப்போது அம்பயர் ஒரு மரியாதை செய்வது உண்டு. சின்ன பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முன்னால் போய், குனிந்து, தரையில் பதித்திருக்கும் வெள்ளைத் தட்டைத் துடைப்பான். தட்டு சுத்தமாகத்தான் இருக்கும். கேட்சர் யார் கண்ணிலும் படாமல் நாலு மூச்சு விட்டுக்கொள்ள அது ஓர் அவகாசம். என் இடுப்பு போனது இவருக்காகத் தட்டுத் துடைத்துத்தான். ஒரு தடவை தொண்டையில் பட்டது. நான் குனிந்து இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து கரகரத்த குரல் கேட்டது. "சுத்தமாத்தான் இருக்கு சயா. எடத்துக்குப் போங்க." அதற்கப்புறம் அவருக்குக் குரல் திரும்ப ஒரு வாரம் ஆனது.

வெளிநாட்டுக்கு ஒரு போட்டிக்குப் போனோம். தோற்கத்தான் போனோம், அதில் யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால் அன்று தோற்ற விதம் மாத்திரம் யாருக்கும் புரியவில்லை. கேட்சர் தன் தொடைகளுக்கு நடுவே விரலால் ஜாடை காட்டுவார். ஒரு விரல் என்றால் நேர்ப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. ஆட்டத்தின் நடுவில் ஒரு பந்து அவருடைய வலது நடுவிரலை உடைத்துவிட்டது. உடைந்த விரல் மடங்கவில்லை. அவர் ஒன்று காட்டினால் எதிரே நின்ற பிட்சருக்கு இரண்டாகத் தெரிந்தது. அவர் நேர்ப்பந்துக்குக் கையுறையை வைக்க, பந்து வளைந்து வந்து தோளிலும் மார்பிலும் அடித்தது. அடித்துவிட்டுப் பின்னால் ஓடியது, அதற்குள் எதிரணியார் நிதானமாக நடந்தே ஓட்டம் எடுத்தார்கள். அவருக்குக் காரணம் தெரியும். ஜாடையை மாற்றலாம் என்று சொல்லியிருந்தால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். விரலைக் காட்ட வேண்டும்.

ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றும்போதுதான் பார்த்தேன். விரல் வாழைப்பழமாகியிருந்தது.

"ஏன் தம்பி சொல்லல?"

"யபாதே சயா. ஒரு விரல்தானே."

பிட்சர் பையன் தன் எறிதல்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து ஊர் திரும்பும் வரை அழுதுகொண்டே வந்தான். இவர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தார், இடது கையால். அப்போதும் சொல்லவில்லை. இவர் மறைத்த வலிக்கு எப்போதும் இன்னொருவர்தான் அழுதார்.

அணி கலைந்தது. கம்பெனிக்காரர்கள் போய்விட்டார்கள். மைதானத்தில் மழைநீர் நின்றது, அப்புறம் கார்கள் நின்றன. லான்மடாவில் வாடகை கட்டுப்படியாகாமல் அவர் குடும்பத்தோடு ஆற்றைக் கடந்து டாலாவுக்குப் போனார். படகுத்துறைக்கு அருகில் அவர் மனைவி வடைக்கடை போட்டார். மகன் முருகன், அடையாள அட்டையில் ஸோ மின், ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தமிழில் கேட்டால் பர்மிய மொழியில் பதில் சொல்லுவான், அம்மா முறைத்தால் தமிழுக்கு மாறுவான். அந்தக் குடும்பம் ஓடியது அவன் சம்பளத்தில்தான். ஏனென்றால் ஜாம்பவானின் முழங்கால்கள் போய்விட்டிருந்தன. இத்தனை வருஷம் குந்தியதற்கு அவை கணக்குக் கேட்டன. கேட்டதை அவர் வெளியே யாருக்கும் தெரிவிக்கவில்லை.

எனக்குச் சொன்னது அவர் மனைவி. "கக்கூஸ்ல உத்தரத்துலேந்து கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கார் சயா. அதப் புடிச்சிக்கிட்டுத்தான் உக்காந்து எந்திரிக்கிறார். நான் கேட்டா, துணி காயப்போடன்னு சொல்றார். கக்கூஸ்ல யாராவது துணி காயப்போடுவாங்களா?"

"நான் காயப்போடுவேன்" என்றார் அவர், வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

இப்படி இருக்கும்போதுதான், கட்டாயமாகப் பட்டாளத்துக்கு ஆள் எடுக்க வட்டார அலுவலகத்தில் நடந்த குலுக்கலில் முருகனின் பெயர் விழுந்தது.

அவர் மனைவி அன்றே படகேறி, தாமுவேயில் என் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் பதறவில்லை. பதறுவது நடைமுறை தெரியாதவர்களின் வேலை. பெற்றோர் உழைக்க முடியாத நிலையில் இருந்து, பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை என்று நிரூபித்தால், பிள்ளையின் முறையைத் தள்ளிவைக்க இடம் இருக்கிறது. குழு ஒன்று உட்காரும், தகப்பனை நேரில் பார்க்கும். நான் கோப்பு தயாரித்தேன். முழங்கால்களின் எக்ஸ்ரே, டாக்டர் சான்று, வட்டாரச் சான்று, குடும்ப அட்டை. காரணம் எழுதாத விண்ணப்பம் திரும்பி வரும் என்பது எனக்குத் தெரியாதா? 'தேசிய அணியில் நெடுங்காலம் கேட்சராகக் குந்தியிருந்ததால் ஏற்பட்ட தேய்மானம்' என்று காரணமும் எழுதினேன். என் பணிக்காலத்தில் இவ்வளவு பழுதில்லாத கோப்பை நான் கையாண்டதில்லை.

பழுது கோப்பில் இல்லை. அதனால் குழு உட்காருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்ததும் நேராக டாலாவுக்குப் போய் அவருக்கு ஒத்திகை வைத்தேன்.

"டாக்டர் முழங்கால அமுக்குவாங்க. அமுக்கினதும் என்ன சொல்லணும்?"

"யபாதேன்னு."

"தம்பி, அதச் சொன்னா புள்ள போயிடுவான். 'ஆ'ன்னு கத்தணும். எங்க, சொல்லுங்க."

வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"பல் டாக்டர்கிட்ட வந்த மாதிரி இருக்கு" என்றான் முருகன். அவனுக்குத்தான் சிரிப்பு வந்தது. போக வேண்டியவன் அவன்.

மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். இரண்டு கட்டைவிரல்களாலும் அவருடைய முழங்காலை, கோபத்தையெல்லாம் சேர்த்து அமுக்கினார். ஜாம்பவானின் கண்ணில் நீர் நிரம்பிவிட்டது.

"சொல்லுய்யா! வலிக்குதுன்னு சொல்லு!"

"விடு" என்றார் அவர். "உனக்குக் கை வலிக்கப்போகுது."

"பாருங்க சயா, பாருங்க! புள்ளத்தாச்சியா நான் கத்துனப்பகூட இந்த மனுஷன், பக்கத்துல தூங்கறாங்க மெதுவாக் கத்துன்னாரு!"

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். கத்த வேண்டாம். டாக்டர் கேட்டால் 'இருக்கு' என்று ஒரு வார்த்தை. குந்தச் சொன்னால் 'முடியாது' என்று ஒரு வார்த்தை. இரண்டே வார்த்தைகள். அவர் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளைமேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாரம் முழுக்க அவர் சாப்பிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார்.

குழு உட்கார்ந்த அறையில் மின்சாரம் இல்லை. ஜன்னலைத் திறந்து வைத்திருந்தார்கள். ஒரு டாக்டரம்மா, வட்டாரத் தலைவர், சீருடையில் ஓர் அதிகாரி. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இந்தக் காலோடயா நடந்து வந்தீங்க?" என்று கேட்டார். முழங்காலை அமுக்கினார்.

"இருக்கு" என்றார் அவர்.

மெல்லிய குரல்தான். அவரைத் தெரிந்தவர்களுக்கு அது அலறல். டாக்டரம்மா தலையசைத்துவிட்டு ஏதோ எழுதத் தொடங்கினார். என் பணிக்காலத்து அனுபவத்தில் சொல்கிறேன், அந்தப் பேனா எங்கள் பக்கம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போது அதிகாரி கோப்பிலிருந்து தலையை உயர்த்தினார். நான் எழுதிய காரணத்தைப் படித்துவிட்டார்.

"கேட்சரா? அந்த கேட்சர் நீங்கதானா?" நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்தார். "ஸ்கூல் படிக்கிறப்ப மதில்மேல ஏறி உங்க ஆட்டம் பாத்திருக்கேன். மாஸ்க் போட்டிருப்பீங்க, முகம் தெரியாது. ஆனா உக்காருவீங்களே, அந்த உக்கார்ற அழகு!" அவருடைய கையைப் பிடித்துக் குலுக்கினார். டாக்டரம்மாவிடம் திரும்பி, "இவர் உக்காந்தா ஒரு பந்து பின்னால போகாது" என்றார். பிறகு இவரிடம், "ஒரே ஒரு தடவை காட்டுங்களேன்."

அது வலையா பக்தியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் கையிலிருந்த நகல்களைக் கீழே தவறவிட்டேன். குனிந்து ஒவ்வொன்றாக, பக்க எண் பார்த்து, மெதுவாகப் பொறுக்கினேன். அதற்குள் அவர் அந்த இரண்டாவது வார்த்தையைச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தபோது அவர் லோஞ்சிக் கைலியை மடித்துச் செருகிக்கொண்டு குந்தியிருந்தார். முதுகு நேராக, குதிகால் லேசாக உயர்ந்து, இடது கை பந்துக்காக விரிந்து. இருபது வயதில் உட்கார்ந்த அதே உட்காரல். அந்த அறையில் எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. நான் பிடரியைப் பார்த்தேன். நரம்பு கயிறாகப் புடைத்து வேர்வை கழுத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றார்.

அதிகாரி கை தட்டினார். வட்டாரத் தலைவரும் தட்டினார். டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை உறைக்குள் போட்டு ஓரமாக வைத்தார். அலுவலகங்களில் காகிதத்தை நம்பாமல் மனிதனை நம்ப மாட்டார்களா என்று என் வாழ்நாளெல்லாம் ஏங்கியிருக்கிறேன். அன்றுதான் நம்பினார்கள்.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் சுவரில் சரிந்தார். நானும் அவர் மனைவியும் சைக்காக்காரனும் சேர்ந்து தூக்கி அந்த மூன்று சக்கர வண்டியில் உட்கார வைத்தோம். லோஞ்சிக்கு மேலேயே வீக்கம் தெரிந்தது. நான் திரும்ப உள்ளே ஓடினேன், என் வயதில் ஓட்டம் என்று சொல்லக்கூடிய ஒன்றை. "இப்ப வந்து பாருங்க" என்றேன். அதிகாரி மரியாதையாகத்தான் சொன்னார்: "பாத்துட்டோமே சயா. எங்க கண்ணாலயே பாத்தோம்." மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீட்டை விசாரிப்பதும் அதே மூன்று பேர்தான். செய்தேன். பார்த்தோம் என்றே பதில் வந்தது.

அன்று சைக்கா கிளம்பியதும் ஜாம்பவான் என்னிடம் சொன்னார்.

"காட்டச் சொல்லிக் கேட்டாரு சயா. இத்தன வருஷத்துல யாருமே கேக்கல."

வீட்டில் மனைவி வெடித்தார். "கை தட்டுனாங்களாமே! அத எடுத்து உலையில போடவா? அத அனுப்பி வச்சு எம் புள்ளய வாங்கிட்டு வருவியா?" அவர் முழங்கால்களை நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். முருகன்தான் அம்மாவின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "விடும்மா. நல்லா உக்காந்தாரா சயா?" என்று என்னிடம் கேட்டான். நான் ஆமாம் என்றேன். "நான் பாத்ததே இல்ல" என்றான் அவன். மழைக்காலம் முடிவதற்கு முன்பே பட்டாளத்துக்குப் போய்விட்டான்.

அவனிடமிருந்து ஒரு தடவை போன் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, நான் அங்கே இருந்தேன். அம்மா அழுது முடித்து அப்பாவிடம் கொடுத்தார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"சாப்பிட்டியா?" என்றார் அவர்.

"சாப்பிட்டேன்பா. நல்லா இருக்கேன். சோறு நல்லாத்தான் இருக்கு. கால்லகூட ஒண்ணுமில்லப்பா. நெறைய பசங்க இருக்கோம். அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க."

தொடர்பு அறுந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கானாம், நல்லா இருக்கானாம்" என்று வடை திருப்பப் போனார். முகத்தில் பல நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. அவர் போனைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி தள்ளிப் போனதும் என் பக்கம் சாய்ந்தார்.

"கால்ல ஒண்ணுமில்லேங்கறான் சயா."

"ஆமா, கேட்டேன்."

"நான் காலப் பத்திக் கேக்கவே இல்லையே."

ஆற்றில் படகு கிளம்பும் சங்கு ஊதியது. அவர் என் கையைப் பிடித்தார். அந்தப் பெரிய உள்ளங்கை என் கையில் இருந்தது அதுதான் முதல் தடவை.

"அடுத்த வாட்டி கூப்பிட்டா நீங்க பேசுங்க. வலிச்சா அங்க யார்கிட்டயாவது வலிக்குதுன்னு சொல்லச் சொல்லுங்க. உரக்கச் சொல்லச் சொல்லுங்க. நான் சொன்னா எடுபடாது."

"சொல்றேன்" என்றேன்.

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். அவனிடம் சொல்ல வேண்டியதைப் படகிலேயே, இரண்டு மொழியிலும், சுருக்கமாகத் தயார் செய்துகொண்டு போகிறேன். போன் வடைத் தட்டுக்குப் பக்கத்தில், எண்ணெய் தெறிக்காத இடத்தில் இருக்கிறது. கடை கட்டும் வரை மூவரும் அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறோம்.